பள்ளி மண்டபத்தில் ஒரு குடியேற்றம்

மார்ச் 3, செவ்வாய்

தூறல். காற்று. வானம் தோய்த்துத் தோய்த்து நிறம் போன சாரம் மாதிரி.

இன்று பட்ட வெட்கத்தை நானே எழுதி வைக்காவிட்டால் என் மனுசி ரஞ்சி அதற்குக் கை கால் வைத்துக் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிடுவாள். நடந்தது நடந்தபடி இது.

மகள் ஷரோனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் உதவியாளர் கூட்டம். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் வேலி வேலை முடித்த கையோடு நேரே போனேன். சீமெந்து படிந்த சப்பாத்து, மஞ்சள் ஜாக்கெட், காதில் பென்சில். வரவேற்பில் இருந்த பெண் என்னைக் கண்டதும் “அப்பாடா, வந்துவிட்டீர்களா!” என்றாள். எனக்கோ பெருமை. பெற்றோருக்கு இப்படி ஒரு மரியாதையா! கழுத்தில் ஒரு அட்டை மாட்டினாள். சாவிக்கொத்தோடு ஒரு பெரியவர் வந்தார். மைதானத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், சரிந்து கிடந்த வேலியைக் காட்டினார்.

நானும் பார்த்தேன். சரிந்த வேலியைக் கண்டால் கை சும்மா இராது. டேப் எடுத்து அளந்தேன். கொங்கிறீற் தூண் இரண்டு வெடிப்பு, பலகை எல்லாம் மாற்ற வேண்டும், விலை இவ்வளவு வரும் என்று வடிவாக விளங்கப்படுத்தினேன். பிறகுதான் கேட்டேன், “கூட்டம் இங்கேயா?”

அவர், “எந்தக் கூட்டம்?”

கழுத்து அட்டையை அப்போதுதான் வாசித்தேன். ‘ஒப்பந்தக்காரர்.’ நிமிர்ந்தால் மேல்மாடி ஜன்னலில் ஒரு வகுப்பு முழுக்க நிற்கிறது. நடுவில் என் மகள், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு.

சாப்பாட்டு மேசையில்:

“அப்பா! யூ கேவ் தெம் எ குவோட்!”

ரஞ்சி: “வேலை கிடைச்சுதோ?”

“கிடைக்கேல்லை.”

“பிறகென்னத்துக்கு அளந்தனீங்கள்?”

கடைசிப் பாதியில்தான் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், அப்போது விளங்கியது: ஷரோனின் வகுப்பு ஒரு பழைய அமெரிக்கக் குடியேற்றத்தை மண்டபத்தில் உருவாக்கப் போகிறது. பிறகு அதன்மேல் பிள்ளைகளே ஒரு வழக்கு நடத்துவார்கள். நிலம் யாருடையது என்று. அடுத்த வெள்ளி. குடியேற்றத்துக்கு ஒரு மரவேலி வேண்டும் என்று ஹிஸ்டரி மிஸ் சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எடுக்க வேண்டியது: பழைய பலகை (வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது). ஆணி. கதவுக்குப் பிணைச்சல் 2. பால்.


மார்ச் 5, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. நான் நம்பவில்லை. சரி, மத்தியானம் மழை.

வான் ஓட்டும்போது மன்னாரில் இருந்து ஸ்ரெல்லா அக்காவின் கோல்.

“டேய் அன்ரன், அந்தக் காணி விசயம் என்ன செய்தனி?”

“யோசிக்கிறன் அக்கா.”

“எத்தினை வருசமா யோசிக்கிறாய்? யோசிச்சு யோசிச்சுத் தலைமயிர்தான் போட்டுது. நிரோவின்ர மாப்பிளை வீட்டுக்காரர் காணிதான் கேக்கினம். கிணத்தோட காணி. அங்கால முழுக்க உவர்த்தண்ணி, எங்கட கிணறு மட்டும் தேன் எண்டு அவைக்கும் தெரிஞ்சிருக்கு.”

“அங்க ஆக்கள் இருக்கினமெல்லோ.”

“இருந்தாப்போல? ஆரின்ர காணி? அப்பா காடு வெட்டி, கிணறு வெட்டி எடுத்த காணி. நீ பவரை எழுதி அனுப்பு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

காணி எங்கள் இரண்டு பேரின் பெயரிலும். சண்டை முடிந்த பிறகு வன்னியில் இருந்து வந்த ஒரு குடும்பம் அதற்குள் தகரக் கொட்டில் போட்டது. இப்போது கல் வீடு. நான் ஒரு சட்டத்தரணிக்கு முன்னால் கையெழுத்து வைத்து அற்றோணி பவர் அனுப்பினால், அக்கா என் இடத்தில் நின்று வழக்குப் போட்டு அவர்களை எழுப்பலாம். தன் மகள் நிரோவுக்குச் சீதனமாக எழுதலாம்.

“பதினைஞ்சாம் தேதி ஞாயிறு எடுப்பன். அடுத்த நாள் நாங்கள் மாப்பிளை வீட்டுக்கு முடிவு சொல்ல வேணும். ஓம் எண்டா ஓம். இல்லை எண்டா அதையும் வாயைத் திறந்து சொல்லு.”

அக்கா நியாயமில்லாத ஆள் இல்லை. சண்டை முழுக்க அங்கேயே கிடந்தவர். நான் போனவன். முதலில் ஒல்லாந்து, பிறகு இங்கே. டச்சுக்காரர் எங்கள் ஊருக்கு வந்து கோட்டை கட்டினார்கள், நான் அவர்கள் ஊருக்குப் போய்த் தக்காளி பிடுங்கினேன். கணக்குச் சரி. ஆனால் போனவனுக்கு வாய் நீளக் கூடாது.

பால் மறந்துவிட்டேன்.


மார்ச் 6, வெள்ளி

குளிர். தவக்காலம், இறைச்சி இல்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

ஷ. எனக்கு வழக்கை விளங்கப்படுத்தினாள். கொஞ்சம் தமிழ், மிச்சம் இங்கிலீஷ், எனக்கு விளங்காத இடமெல்லாம் கை. விளங்கியது இவ்வளவுதான்:

அமெரிக்கா அப்போது இங்கிலாந்து அரசரின் கையில். ஒரு ஆற்றங்கரை, நல்ல மண். (ஆற்றின் பெயர் ஒரு ரெயில் நீளம். எழுத வராது.) ஒரு அரசர் அந்த நிலத்தை ஒரு மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு அதே அரசர் அதையே இன்னொரு மாநிலத்துக்கும் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் கள்ளக் காணி உறுதி எழுதி முடிக்கிற நொத்தாரிசுகூட இதற்குக் கொஞ்சம் பயப்படுவார்.

அதற்கு மேல், அந்த மண்ணின் ஆட்கள். அவர்களில் தூரத்தில் இருந்த ஒரு கூட்டம் நிலத்தை விற்றுவிட்டது. அதுவும் இரண்டு தரப்புக்கும். அங்கேயே இருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குள் முதலாவது மாநிலத்து ஆட்கள் கோடாலியோடு வந்து வேலி அடித்து ஊர் அமைத்தார்கள். மற்றவர்கள் வந்து கலைத்தார்கள். இவர்கள் திரும்ப வந்தார்கள். திரும்பக் கலைத்தார்கள். திரும்ப வந்தார்கள்.

ஷ. குடியேறியவர்களின் தலைவர். அவளுடைய உயிர்ச் சிநேகிதி டொலா (நைஜீரியப் பிள்ளை, இந்த வீட்டுப் புட்டில் பாதி அவள் வயிற்றில்தான்) அந்த மண்ணின் ஆட்களுக்காகப் பேசுகிறாள்.

“ஹூஸ் சைட் ஆர் யூ ஆன், அப்பா?”

“அரசரின்ர பக்கம் மட்டும் இல்லை.”

“தட்ஸ் நொட் அன் ஆன்சர்.”

எழுந்து நின்று பேசிக் காட்டினாள். யாரும் இல்லாத நிலத்தில் மரம் வெட்டியது நாங்கள். வீடு கட்டியது நாங்கள். பிள்ளை பெற்றதும் செத்தவரைப் புதைத்ததும் அங்கேதான். பேப்பர் வைத்திருப்பவனுக்கு அல்ல, பாடுபட்டவனுக்கே நிலம்!

எனக்கு மயிர் கூச்செறிந்தது. கைதட்டப் போனேன். பாதியில் நின்றுவிட்டது. இதே பேச்சை எங்கள் காணிக்குள் இருக்கிறவன் பேசினால்? புட்டு நெஞ்சுக்குள் அடைத்தது. தண்ணீர் குடித்தேன்.

ர.: “மெல்லமாச் சாப்பிடுங்கோ. ஆரும் பறிக்க வரேல்லை.”


மார்ச் 7, சனி

பெருங்காற்று. வேலிக்காரனுக்கு நல்ல நாள்.

வடக்கு லண்டன் எட்மண்டனில் வேலை. விழுந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவி, அந்தப் பக்கம் ஒரு கிழவர். வேலி முன்பு ஆறு அங்குலம் அங்கே இருந்தது என்கிறாள் கிழவி, இங்கே இருந்தது என்கிறார் கிழவர். இரண்டு பேரும் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள். இரண்டு பேரும் கண்ணைக் காட்டினார்கள், கொஞ்சம் தள்ளிப் போடு என்று. நான் பழைய குழிக்குள்ளேயே தூணை இறக்கினேன். இரண்டு பேருக்கும் கோபம். அப்படியென்றால் சரியாகப் போட்டிருக்கிறேன்.

வழி முழுக்க யோசனை. எங்கள் காணியில் பழைய குழி எது?

விளங்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் பால் வாங்கினேன். வீட்டில் ர. ஏற்கெனவே இரண்டு வாங்கி வைத்திருந்தாள்.


மார்ச் 8, ஞாயிறு

பூசை. சாமியார் நீண்ட பிரசங்கம். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், ர. முழங்கையால் இடித்தாள்.

வெளியே வந்ததும் தெரியாத இலங்கை நம்பர்.

“அண்ணை, நான் குணம். உங்கட காணிக்குள்ள இருக்கிற குணம்.”

‘உங்கட காணி’ என்று அவனே சொன்னது எனக்கு ஒரு மாதிரி. எடுத்தவுடன் சண்டை பிடிப்பான் என்று நினைத்திருந்தேன்.

“நம்பர் ஆர் தந்தது?”

“கோயில்ல கேட்டு எடுத்தனான். கோவிக்காதேங்கோ அண்ணை. வழக்குப் போடப்போறதா அக்கா சொன்னவ. அவவில பிழையில்லை.”

“உங்களுக்குக் காணி இல்லையோ?”

“இருக்கு அண்ணை. உறுதியும் இருக்கு. காணி ஆமிக் காம்புக்குள்ள. வேலிக்கு வெளிய நிண்டு பாத்தா என்ர மாமரம் தெரியும். போன வருசம் நல்லாக் காய்ச்சது.”

நான் கோயில் வாசலை விட்டுத் தள்ளி நின்றேன்.

“மூண்டு பிள்ளையள் அண்ணை. கடைசிப் பிள்ளைக்கு இந்த வீடுதான் தெரியும். எழும்பச் சொன்னா எழும்பத்தான் வேணும். ஆனா எங்க எண்டு சொன்னீங்களெண்டால் நல்லது.”

“யோசிக்கிறன் குணம்.” எனக்குத் தெரிந்த ஒரே பதில்.

வைக்கும்போது, “கிணத்தை வடிவா இறைச்சு வைச்சிருக்கிறம் அண்ணை. தண்ணி இன்னும் அதே இனிப்பு” என்றான்.

ரஞ்சியிடம் சொன்னேன். “பாவம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நிரோவும் பாவம்” என்றாள். பிறகு, “நீங்களும் பாவந்தான், மூளை இல்லாமல் எவ்வளவு யோசிக்கிறியள்” என்று தோளில் தட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.


மார்ச் 10, செவ்வாய்

மழை. வானின் வைப்பர் ஒன்று வேலை நிறுத்தம்.

பலகைகளோடு பள்ளி மண்டபம். இந்த முறை வரவேற்பில் முதலே சொன்னேன்: “நான் அப்பா.” யாருடைய அப்பா என்று கேட்டாள்.

மிஸ் தரையில் நீல டேப் ஒட்டி எல்லை போட்டிருந்தார். டேப்புக்கு இந்தப் பக்கம் குடியேற்றம். அந்தப் பக்கம் டொலாவின் ஆட்கள்: ஆறு, சோள வயல் (மஞ்சள் பேப்பர்), ஒரு அடுப்பு. நான் வேலியைப் பூட்டி, படலைக் கதவு வைத்து, தள்ளி நின்று பார்த்தேன். அழகு. எனக்கே அதற்குள் குடியிருக்க ஆசை.

டொலா வந்தாள். குனிந்தாள். காலால் அளந்தாள்.

“அங்கிள், உங்கள் வேலி எங்கள் சோளத்தில் நிற்கிறதே.”

பார்த்தேன். உண்மை. டேப்பைத் தாண்டி ஒரு முழம்.

சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. படலை திறக்க இடம் போதவில்லை, கொஞ்சம் தள்ளினேன். மூலை சதுரமாக வரவில்லை, இன்னும் கொஞ்சம். இரண்டு முறையும் கை ஏன் என் மகளின் பக்கம் தள்ளவில்லை? எங்கள் ஆட்களின் பழக்கம் இதுதான். வருசா வருசம் வேலி அடைக்கும்போது நட்ட கதியால் கம்பு நாலு விரல் அடுத்தவன் வளவுக்குள் போகும். கேட்டால், ஒருவரும் தள்ளவில்லை, வேலி தானாக நடந்தது. கோர்ட்டுக்குப் போவார்கள், பேரன் காலத்திலும் வழக்கு முடியாது. எட்மண்டனில் கூலிக்குப் போட்டால் நேராகப் போடுகிற கை, சொந்தப் பிள்ளைக்குப் போட்டால் சரிகிறது.

“மன்னிக்க வேணும் மேடம்” என்று வேலியைத் திரும்ப டேப்பில் வைத்தேன். டொலா சிரித்துக்கொண்டே ஒரு தாளில் ஏதோ எழுதினாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.


மார்ச் 12, வியாழன்

வேலி ஆடுகிறது என்று மிஸ் செய்தி. பின்னேரம் போய்ப் பின்னால் முட்டுக்கால் கொடுத்தேன். அவசரம். அவ்வளவுதான் இன்று.


மார்ச் 13, வெள்ளி

வெயில்! ஒரு முகில் இல்லை. உள்ளே இருந்து வழக்குப் பார்க்க வேண்டிய நாளில்.

வேலி விழுந்தால் பிடிக்க நான் பக்கத்தில் நின்றேன். எழுத்தில் போட்டுப் பார்த்தாலாவது எனக்கு விளங்குமா?

முதலில் மற்ற மாநிலத்துக்காகப் பேசும் பையன். அரசரின் பத்திரத்தைத் தேத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கிக் கொண்டுவந்திருந்தான். பிறகு ஷரோன். அந்தச் சமையலறைப் பேச்சு. நன்றாகப் பேசினாள், எல்லாரும் தட்டினார்கள். நானும் ஒரு கையால் தட்டினேன், மற்றக் கை வேலியில்.

அடுத்து டொலா எழும்பினாள். “என் சாட்சி, ஷரோனின் அப்பா.”

அவர்கள் எனக்கு இதைச் சொல்லவில்லை.

“அங்கிள், செவ்வாய்க்கிழமை இந்த வேலியை எங்கே வைத்தீர்கள்?”

“டேப்பில்.”

“இப்போது எங்கே நிற்கிறது?”

குனிந்து பார்த்தேன். நேற்று முட்டுக்கால் கொடுக்க இடம் எடுத்தேன் அல்லவா. திரும்பவும் சோளத்துக்குள்.

“காற்று” என்றேன். மண்டபத்துக்குள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

டொலா சிரிக்கவில்லை. ஷரோனின் பக்கம் திரும்பினாள். “யாரும் இல்லாத நிலம் என்றாய். சரி. வந்த முதல் வருசம் நீங்கள் விதைத்த வயலில் மரம் இருக்கவில்லை. அதை யார் துப்புரவாக்கி வைத்தது?”

ஷ. தாளைப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பினாள். தாளில் இல்லை. கழுத்துச் சிவந்தது. அழப்போகும்போது அவளுக்கு அப்படித்தான்.

திடீரென்று நிமிர்ந்தாள். இங்கிலீஷில் சொன்னாள்: “என் அப்பப்பாவும் குடியேறினவர்தான். சிறீலங்காவில். வெறும் காடு. தன் கையால் வெட்டினார், தன் கையால் கிணறு வெட்டினார். யாரிடமும் பறிக்கவில்லை. எல்லாக் குடியேற்றமும் களவு இல்லை.” பிறகு என்னைப் பார்த்து, “அப்பா, யூ வேர் தெயார். வோஸ் எனிவன் தெயார் பிஃபோர் அஸ்?”

அத்தனை முகமும் என் பக்கம். அவள் கழுத்து இன்னும் சிவப்பு.

“ஜங்கிள்” என்றேன். “ஒன்லி ஜங்கிள்.”

வாக்கெடுப்பில் ஷரோனின் பக்கம் வென்றது, மயிரிழையில்.

சொன்னது பொய் இல்லை. காடுதான்.

டொலா வெளியே வந்து கை கொடுத்தாள். “அங்கிள், உங்களைப் போல மோசமான சாட்சி உலகத்தில் இல்லை.” ஞாயிறு புட்டுக்கு வருவாளாம்.

திரும்பும்போது வானுக்குள் ஷ.: “நான் சொன்னது ஓகேயா அப்பா?”

“நல்லாக் கதைச்சாய் பிள்ளை.”

“நொட் தட். சரியா?”

சிவப்பு விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நல்ல காலம்.


மார்ச் 14, சனி

மழை. வேலையில்லை. வேலியைக் கழற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கினேன். சட்டத்தரணிக்கு இரண்டு முறை போன் எடுத்தேன், இரண்டு முறையும் மணி அடிக்க முதல் வைத்துவிட்டேன். அவர் சனிக்கிழமை திறப்பதில்லை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.


மார்ச் 15, ஞாயிறு

மப்பு வானம். ரஞ்சி புட்டு அவிக்கிறாள். ஷரோனும் டொலாவும் மேலே, சிரிப்புச் சத்தம். வென்றவளும் தோற்றவளும் ஒரே கட்டிலில் இருந்து நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள்.

அக்கா சொன்னபடி எடுத்தார். நான் வானுக்குள் போய் இருந்து கதைத்தேன்.

“சொல்லு.”

“அக்கா, அவை இருக்கட்டும்.”

“எவை?”

“குணம் ஆக்கள். பவர் நான் தரேல்லை.”

அங்கே ஒரு சேவல் கூவியது.

“நிரோ?”

“நிரோவுக்கு நான் நிக்கிறன் அக்கா. ராப்பகலா வேலியடிச்செண்டாலும் வேற காணி பாத்துத் தருவன்.”

“லண்டனில இருந்துகொண்டு தர்மம் செய்யிறாய். என்ர பிள்ளையின்ர சீதனத்தில.”

அவர் சொன்னது உண்மை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நிற்கப்போவது நானில்லை, அக்கா.

“அவன் உனக்குப் போன் எடுத்து அழுதவனோ?”

“அழேல்லை.”

“பிறகேன்ரா? எனக்கு ஒரு காரணம் சொல்லு. ஒண்டே ஒண்டு. அப்பா காடு வெட்டி, கிணறு வெட்டி எடுத்த காணி. எங்களுக்கு முதல் அங்க ஆரடா இருந்தது?”

நாங்கள் காணிக்குப் போன வருசம் அக்கா கோயில் சிஸ்டர்மாரின் விடுதியில் நின்று படித்தவர். அடுத்த வருசம்தான் காணிக்கு வந்தார். அப்பா சொன்னதுதான் அவருக்குத் தெரியும்.

“சொல்லன்ரா!”

“லைன் சரியில்லை அக்கா” என்றேன். லைன் நன்றாக இருந்தது. சேவல் கூடத் தெளிவாகக் கேட்டது.

அவர் வைத்துவிட்டார். நான் வைப்பரை ஒருக்கால் போட்டுப் பார்த்தேன். இப்போது வேலை செய்கிறது. ரஞ்சி ஜன்னலில் தட்டி, “புட்டு ஆறுது, வாங்கோ” என்றாள்.

அக்காவிடமும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை ஷரோனிடமும் சொல்லவில்லை: நாங்கள் அந்தக் காணிக்குப் போய் இறங்கிய அன்று எனக்கு ஆறு வயது, நல்ல தாகம். அப்பா ஒரு மரத்திலும் கத்தி வைக்க முதல், அந்தக் கிணற்றில்தான் எனக்குத் தண்ணீர் அள்ளித் தந்தார்.